தேர் நிலைக்கு வரவேண்டும்: சுற்றுலா, திருவிழாத் தகவல் தளங்களுக்கு ஆய்வு நிதி – வாசகர் கேள்வி பதில்

சுற்றுலாத் தலங்களையும் திருவிழாக்களையும் பற்றிய இணையத் தகவல் தொகுப்பை ஆய்வு நிதியில் உருவாக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், ஒரு கணக்காளர் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரியில் சுற்றுலாத் துறையில் பணியாற்றுகிறேன். டெல்டா மாவட்டக் கோயில் திருவிழாக்கள், தர்கா கந்தூரிகள், தேவாலயப் பெருவிழாக்கள் எல்லாவற்றையும் நாள், சடங்கு, கூட்டம், வசதி என்று தொகுத்து ஓர் இணையதளம் உருவாக்க ஆசை. யாரிடம் நிதி கேட்கலாம்?
– உதவிப் பேராசிரியர், கும்பகோணம்

பதில்: யாரிடம் கேட்பது என்பதற்கு முன்னால், என்னவென்று கேட்பது என்பதை முடிவு செய்யுங்கள். ‘இணையதளம் உருவாக்க’ என்று தலைப்பிட்டால், இது வெப் டிசைனர் செய்யும் வேலை, ஆய்வு எங்கே என்று மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிடுவார். தளம் என்பது கருவி. அதைக் கொண்டு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதுதான் முன்மொழிவு. உதாரணமாக: இணையத்தில் வெளியாகும் திருவிழா நாளுக்கும் உண்மையில் விழா நடக்கும் நாளுக்கும் எவ்வளவு வித்தியாசம்? அந்தத் தவறான நாளை நம்பி வருபவர் யார்? கடை போடும் வியாபாரிக்கும் சிறப்புப் பேருந்து விடும் பணிமனைக்கும் அதனால் என்ன இழப்பு? இப்படிக் கேட்டால், விடை காணத் தகவல் தொகுப்பு தேவை என்பது தானாக நிலைபெறும்.

கேள்வி சமூக அறிவியல் சார்ந்தது என்றால் முதல் கதவு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். 1969இல் தொடங்கிய இது சிறு திட்டம், பெரும் திட்டம் என்று தனித்தனியாக விண்ணப்பம் கோருகிறது. திட்ட இயக்குநருக்கு முனைவர் பட்டம் வேண்டும். கல்லூரி பல்கலைக்கழக மானியக் குழுவின் 2(எஃப்), 12(பி) பட்டியலில், அதாவது அங்கீகாரம் பெற்று மத்திய நிதி பெறத் தகுதியுள்ள கல்லூரிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் பார்த்து, சான்றின் நகலை இப்போதே கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அந்த ஒரு தாளுக்காக நின்றுபோன விண்ணப்பங்கள் நிறைய.

கேள்வி கணினி சார்ந்தது என்றால், அதாவது ஊர்ப்பெயரின் பல எழுத்து வடிவங்களை இயந்திரம் எப்படி ஒன்று சேர்க்கும், பஞ்சாங்க விதியிலிருந்து நாளை எப்படிக் கணிக்கும் என்பது போன்றது என்றால், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தைப் பாருங்கள். முன்பு செர்ப் என்று அறியப்பட்ட அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதில் இணைந்துவிட்டது. மொழி, வரலாறு போன்ற கலைப்புலங்களும் சமூக அறிவியல் துறைகளும் அறிவியல் தொழில்நுட்பத்தோடு சந்திக்கும் இடங்களும் இதன் எல்லைக்குள் வருகின்றன. ஒரே முன்மொழிவை இரண்டு இடத்துக்கும் அனுப்பாதீர்கள். வேறெங்கும் இதே திட்டத்துக்கு நிதி கேட்கவில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

பரப்பையும் சுருக்குங்கள். டெல்டா முழுவதும் எல்லாத் திருவிழாவும் என்றால் இரண்டு ஆண்டில் எவராலும் முடியாது, மதிப்பீட்டாளருக்கும் அது தெரியும். 30 விழாக்கள், இரண்டு முழு ஆண்டுச் சுற்று, ஒவ்வொன்றிலும் நேரில் பதிவு என்று எழுதினால் நம்புவார்கள். இரண்டு சுற்று வேண்டும் என்பது முக்கியம். ஓராண்டு மட்டும் பார்த்தால், கண்டது வழக்கமா அந்த ஆண்டின் விதிவிலக்கா என்று சொல்ல முடியாது.

கேள்வி: 10 லட்ச ரூபாய்க்கு வரவு செலவுத் திட்டம் போடவேண்டும். மென்பொருள் எழுதுபவருக்கே பாதி போய்விடும்போல் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?
– ஆய்வாளர், திருச்சி

பதில்: ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். வழிகாட்டுதலில் அண்மை ஆண்டுகளாக உள்ள பிரிப்பு இது: ஆய்வுப் பணியாளர் ஊதியம் 45 விழுக்காட்டுக்கு மிகாமல், களப்பணி 35, கருவியும் படிப்புப் பொருளும் 10, சில்லறைச் செலவு 5, அறிக்கை வெளியீடு 5. நிறுவனத்துக்கான மேற்செலவு 5 விழுக்காடு, ஒரு லட்சத்துக்கு மிகாமல், இந்தத் தொகைக்கு மேல் தனியாக வரும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எண்களை நிரப்புங்கள்.

உங்கள் 10 லட்சத்தில் ஊதியம் 4,50,000. மாதம் 37,000 ரூபாயில் ஓர் ஆய்வு உதவியாளரை 12 மாதம் வைத்தால் 4,44,000. அத்தோடு அந்தத் தலைப்பு முடிந்தது. முழுநேர மென்பொருளாளருக்கு இதில் இடமே இல்லை. கருவி, மென்பொருள், நூல், தரவு எல்லாவற்றுக்கும் சேர்த்து இருப்பது ஒரு லட்சம். அதில் மடிக்கணினி 55,000, வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு 10,000 என்றால் மீதி 35,000. இதுதான் உங்கள் தளத்துக்கான உண்மையான பணம்.

ஆகவே 35,000க்குள் அடங்கும் தளத்தை வடிவமையுங்கள். தரவுத்தளச் சர்வர், லாகின், மொபைல் செயலி எதுவும் வேண்டாம். தகவல் முழுவதும் அட்டவணைக் கோப்புகளில் இருக்கட்டும். அவற்றிலிருந்து சாதாரண ஹெச்.டி.எம்.எல். பக்கங்களை உண்டாக்கும் நிலைத்தளம் போதும். 30 விழாக்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. செயலியைச் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவார்கள். ஆண்ட்ராய்டு புதுப் பதிப்பு வர வர அதைத் திருத்திக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். திட்டம் முடிந்ததும் அந்த ஆள் இருக்கமாட்டார்.

களப்பணிப் பணத்தை மட்டும் குறைக்காதீர்கள். 30 விழா, இரண்டு ஆண்டு, ஒரு விழாவுக்கு இரண்டு பேர் இரண்டு நாள் என்றால் 240 ஆள்நாள். 3,50,000ஐ வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1,458 ரூபாய், பயணம், தங்கல், உணவு எல்லாம் சேர்த்து. திருவிழா நாளில் அந்த ஊரில் அறை வாடகை இரு மடங்கு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் 30 விழா 20 ஆகலாம். அதில் தவறில்லை.

கேள்வி: ‘சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கைக்கு அடிப்படை தெளிவாக இல்லை’ என்று சொல்லி என் முன்மொழிவைத் திருப்பிவிட்டார்கள். அரசு வெளியிட்ட எண்ணைத்தான் எழுதினேன்.
– ஆய்வு மாணவி, மதுரை

பதில்: எண் சரியாகவே இருந்திருக்கும். அது எதை எண்ணியது என்று நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2019இல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டு வருகை ஏறத்தாழ 49.5 கோடி. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகையே 7.21 கோடி. 49.5 கோடி என்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, வருகைகளின் எண்ணிக்கை. ஒரே குடும்பம் மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி என்று போனால் மூன்று இடத்திலும் எண்ணப்படும். முன்மொழிவில் ‘49 கோடிப் பயணிகள்’ என்று எழுதினால், விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் அங்கேயே பேனாவை வைத்துவிடுவார்.

இன்னொரு சிக்கல். பன்னாட்டு வரையறைப்படி ஓர் இரவாவது தங்குபவரே சுற்றுலாப் பயணி. அன்றே திரும்புபவர் ஒருநாள் வருகையாளர். நம் திருவிழாவுக்கு வருபவரில் பெரும்பாலோர் காலை பஸ்ஸில் வந்து இரவு பஸ்ஸில் திரும்புகிறவர்கள். விடுதிப் பதிவேட்டில் இருந்து எடுத்த எண் இவர்களைத் தொடவே தொடாது.

ஆகவே கூட்டத்தை நீங்களே கணிக்கும் முறையை முன்மொழிவில் எழுதுங்கள். நின்ற கூட்டத்துக்குப் பரப்பும் அடர்த்தியும் போதும். கை வீசி நடக்கும் அளவுக்கு இடம் இருந்தால் சதுர மீட்டருக்கு ஒருவர். தோளோடு தோள் உரசினால் இரண்டரைப் பேருக்குச் சற்றுக் குறைவு. நகரவே முடியாத நெரிசல் என்றால் நான்கு பேருக்குச் சற்று மேல். ஒரு தேர்வீதி 10 மீட்டர் அகலம், 300 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம்: 3,000 சதுர மீட்டர். தேர், கடை, பந்தல், தடுப்புக் கட்டை பிடித்த இடம் ஐந்தில் ஒரு பங்கு போக 2,400. தோள் உரசும் அடர்த்தி 2.4 என்றால் 5,760 பேர். நான்கு வீதியும் ஒரே நேரத்தில் இதே அடர்த்தியில் இருக்காது. தேர் நிற்கும் வீதி நிறைந்திருக்க, பின்வீதி வெறிச்சோடிக் கிடக்கும். வீதிக்கு ஒருவர் நின்று, ஒரே நிமிடத்தில் அடர்த்தியைக் குறிக்கவேண்டும்.

நகரும் கூட்டத்துக்கு இது பொருந்தாது. நுழைவழிகளில் ஆள் நிறுத்தி ஒவ்வொரு மணிக்கும் 5 நிமிடம் எண்ணி 12ஆல் பெருக்குங்கள். கிடைத்த எண்ணை ‘சுமார் 22,000’ என்று ஒற்றையாக எழுதாமல் ‘18,000 முதல் 26,000 வரை’ என்று எல்லையோடு எழுதுங்கள். பாதுகாப்புத் திட்டமிடுபவருக்கு மேல் எல்லைதான் வேண்டும், வியாபாரிக்குக் கீழ் எல்லை.

கேள்வி: திருவிழா நாளைத் தரவில் எப்படிப் பதிவது? ஒரு தளத்தில் ஒரு நாள், மற்றொன்றில் வேறொரு நாள் இருக்கிறது.
– நூலகர், காரைக்கால்

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்று பல தளங்களிலும் செய்திகளிலும் வந்தது. அது இன்றைய வானியல் கணக்கைத் தழுவிய திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் கணக்கு. சனிபகவானுக்குப் பேர்போன திருநள்ளாறு கோயில், பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது. அங்கே முந்தைய பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20இல். 2025இல் விழா இல்லை, அடுத்தது 2026இல்தான் என்று கோயில் நிர்வாகம் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. இணையத்தை நம்பி ரயில் டிக்கெட் போட்டவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தவறு எங்கே என்றால், ‘தேதி’ என்று ஒரே ஒரு கட்டம் வைப்பதில். அதை ஐந்தாகப் பிரியுங்கள். முதலாவது விதி: எந்த மாதம், எந்த நட்சத்திரம் அல்லது திதி, கொடியேற்றத்திலிருந்து எத்தனையாவது நாள். இரண்டாவது, எந்தக் கணிதம்: வாக்கியமா, திருக்கணிதமா, ஹிஜ்ரியா, ஆங்கில நாட்காட்டியா. மூன்றாவது, கணித்த நாள். நான்காவது, கோயிலோ தர்காவோ தேவாலயமோ அறிவித்த நாளும் அறிவிப்பின் படமும். ஐந்தாவது, உண்மையில் நடந்த நாள். கடைசிக் கட்டத்தை விழா முடிந்தபின்தான் நிரப்ப முடியும். பெரும்பாலான தளங்களில் அந்தக் கட்டமே கிடையாது. ஆய்வுக்கு அதுதான் உயிர்.

வேளாங்கண்ணிப் பெருவிழா ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடியும், இதில் சிக்கல் இல்லை. நாகூர் கந்தூரி இஸ்லாமியச் சந்திர நாட்காட்டியான ஹிஜ்ரியைச் சார்ந்தது. அதனால் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னகரும், பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். மகாமகம் மாசி மக நாளில், குரு சிம்மத்தில் இருக்கும்போது. 2016 பிப்ரவரி 22இல் நடந்தது, அடுத்தது 2028. காஞ்சி அத்திவரதர் 1979க்குப் பிறகு 2019இல் 48 நாள் காட்சி தந்தார், இனி 2059. 40 ஆண்டு இடைவெளியுள்ள விழாவின் போக்குவரத்து, குடிநீர், மருத்துவ ஏற்பாட்டுக் குறிப்புகளைப் பாதுகாக்க எந்த அலுவலகக் கோப்பும் போதாது. இப்படிப்பட்ட தொகுப்புக்கு நிதி கேட்க இதைவிட வலுவான காரணம் கிடைக்காது. முன்மொழிவில் தாராளமாக எழுதுங்கள்.

நிலை என்றொரு கட்டமும் தேவை: நடந்தது, தள்ளிவைக்கப்பட்டது, கோயிலுக்குள் மட்டும் நடந்தது, நடக்கவில்லை. 2020இல் மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள் நடந்தது. ‘ரத்து’ என்று எழுதினாலும் தவறு, ‘நடந்தது’ என்று மட்டும் எழுதினாலும் தவறு.

கேள்வி: தளத்தில் ‘கௌமாரியம்மன்’ என்று தேடினால் பாதிப் பதிவுகள் வருவதில்லை. கண்ணுக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகிறது.
– தேனி வாசகர்

பதில்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ‘கௌ’ என்பதை ககரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்த்து அடிப்பதே சரி. பலர் ஒற்றைக் கொம்பு, ககரம், பின்னால் ளகரம் என்று அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கு இரண்டாவது ‘கெ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்து. ‘ஔவையார்’, ‘ஒளவையார்’ சிக்கலும் இதுவே. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றிலும் ஒகரக் குறி ஒரே குறியீடாகவோ, கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவோ இருக்கலாம். இந்த ஒகரக் குறிச் சிக்கலை, ஒரே எழுத்தின் வேறுவேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. ஒழுங்கமைப்பு தானே சரிசெய்துவிடும். ளகரக் குழப்பத்தை அது தொடாது. அதற்குத் தனி விதி எழுதவேண்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடாது, ‘வெள்ளம்’ ‘வௌ்ளம்’ ஆகிவிடும்! மாற்றவேண்டிய சொற்களின் பட்டியல் போட்டு அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான அழைப்பிதழ்களை மாற்றும்போதுதான் இவை அதிகம் நுழைகின்றன. காலும் ரகரமும் ஒரே வடிவாகத் தெரிவதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்திருக்கும், அதையும் பாருங்கள். ஊர்ப்பெயருக்கு ஒரு நிலையான எண் கொடுத்து, தஞ்சாவூர், தஞ்சை, தஞ்சாபுரி எல்லாவற்றையும் அந்த எண்ணின் கீழ் மாற்றுப் பெயராகச் சேருங்கள். விக்கிமீடியாவின் திறந்த தரவுத்தளமான விக்கிடேட்டாவில் அந்த ஊருக்கோ கோயிலுக்கோ எண் இருந்தால் அதையும் ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டால், பிற்காலத்தில் வேறு தொகுப்புகளோடு இணைப்பது எளிது.

கேள்வி: வெளிநாட்டு அமைப்புகள் நிதி தருமா? கல்லூரி அறக்கட்டளை நடத்துவது.
– முதல்வர், விருதுநகர் மாவட்டம்

பதில்: தரும். ஆனால் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் தாண்டித்தான் பணம் உள்ளே வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்கவேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றவும் கூடாது. இந்தக் கடைசி விதியால்தான், பதிவு உள்ள நண்பர் அமைப்பு வாங்கி நமக்குத் தரும் என்ற ஏற்பாடு உடைகிறது. உங்கள் அறக்கட்டளைக்குப் பதிவு இல்லையென்றால் விண்ணப்பிக்கும் முன்பே பட்டயக் கணக்காளரைப் பாருங்கள். பதிவுக்கு மூன்று ஆண்டுச் செயல்பாடும் அந்த மூன்றாண்டில் 15 லட்சச் செலவும் காட்டவேண்டும். குறிப்பிட்ட ஒரு நிதிக்கு மட்டும் முன் அனுமதி கேட்கும் வழியும் இருக்கிறது. சட்டத்தால் அமைந்து, இந்தியத் தலைமைக் கணக்காயரின் கட்டாயத் தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு. அப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தை முதன்மை நிறுவனமாக வைத்து நீங்கள் இணை ஆய்வாளராகச் சேர்வது சுலபமான வழி.

எதற்கு யார் என்பதிலும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் புதுத் தளம் கட்டப் பணம் தராது. அழியும் நிலையில் உள்ள பழைய ஆவணங்களை அவை இருக்கும் இடத்திலேயே மின்படியாக்கத்தான் தரும். முன்னோட்டத் திட்டத்துக்கு 15,000 பவுண்டு வரை, பெரும் திட்டத்துக்கு 1,50,000 வரை கேட்கலாம். உங்கள் பகுதியில் 1940க்கு முந்தைய மண்டகப்படிக் கணக்கோ (விழாவின் ஒரு நாள் செலவை ஏற்பவர் வைத்த கணக்கு) விழாப் பத்திரிகையோ ஓலையோ தனியாரிடம் இருந்தால் அதற்குப் பொருந்தும். விக்கிமீடியா அமைப்பின் விரைவு நிதி 500 முதல் 5,000 டாலர் வரை. பயிற்சிப் பட்டறை, படம் எடுக்கும் பயணம் போன்றவற்றுக்கு ஏற்றது.

கேள்வி: கோயிலுக்குள் படம் எடுக்கலாமா? பூசாரிகளின் பேச்சைப் பதிவு செய்தால் உரிமை யாருக்கு?
– புகைப்படக் கலைஞர், சேலம்

பதில்: 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்ய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. ஆய்வுக்காக என்றாலும் செயல் அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே கேமரா கொண்டுபோகாதீர்கள். வீதியுலாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கூட்டத்தில் குழந்தைகளின் முகம் பெரிதாகத் தெரியும் படத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

பேட்டிக்கு இரண்டு ஒப்புதல் தனித்தனியாக வேண்டும்: பதிவு செய்ய ஒன்று, இணையத்தில் வெளியிட ஒன்று. பலர் முதலாவதற்குச் சம்மதித்து இரண்டாவதற்கு மறுப்பார்கள். அது அவர்கள் உரிமை. 2023 மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் ஆவணப்படுத்தலுக்கும் விலக்கு தருகிறது என்றாலும், அந்த விலக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பூசாரியின் கைபேசி எண்ணை எல்லாரும் பார்க்கும்படி போடுவதற்கான அனுமதி அல்ல அது. குலதெய்வக் கோயில்களில் பங்காளிகள் மட்டும் காணும் சடங்குகள் உண்டு. அவற்றை ஆள் பார்க்கும் தலமாக மாற்றிவிட்டால் திரும்பப் பெற முடியாது. ‘வெளியிடத் தக்கதா’ என்றொரு கட்டத்தைத் தரவில் வையுங்கள். ஊராரிடம் கேட்டு நிரப்புங்கள். ‘இல்லை’ என்றால் தளத்தில் அந்தப் பதிவு வராமல் இருக்கட்டும்.

உரிமையை வேலை தொடங்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள். மாணவர் எடுத்த படம் மாணவருக்கே சொந்தம். எந்தத் திறந்த உரிமத்தில் வெளியாகும் என்று அவர் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.

கேள்வி: மூன்றாண்டுத் திட்டத்தில் உருவாக்கிய எங்கள் துறையின் தளம் இப்போது திறப்பதில்லை. முன்பு எப்போதாவது திறந்தபோதும் சூதாட்ட விளம்பரம்தான் வந்தது. எப்படி இதைத் தவிர்த்திருக்கலாம்?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், கோயம்புத்தூர்

பதில்: தேர் வடம் பிடிக்க ஊரே வரும். நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டை போடும்வரை நிற்பவர் சிலர்தான். ஆய்வு நிதியின் அமைப்பும் அப்படியே இருக்கிறது. உருவாக்கப் பணம் உண்டு, காப்பாற்றப் பணம் இல்லை. இது உங்கள் துறையின் குறை மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவில் நிலைத்த சுற்றுலாவுக்கென 1997இல் தொடங்கிய கூட்டுறவு ஆய்வு மையம் பல்கலைக்கழகங்களும் தொழில்துறையும் சேர்ந்து நடத்திய பெரிய அமைப்பு. நிதிக்காலம் முடிந்ததும் 2010இல் அதுவே மூடிவிட்டது.

உங்கள் தளத்துக்கு நடந்தது அனேகமாக இதுதான். உள்ளடக்க மென்பொருளும் அதன் பிளக்-இன்களும் புதுப்பிக்கப்படாமல் கிடந்தன. ஓட்டை வழியாக யாரோ நுழைந்து விளம்பரப் பக்கங்களைச் சேர்த்தார்கள். ஹோஸ்டிங் நிறுவனம் தளத்தை முடக்கியது. டொமைன் புதுப்பிக்கும் மின்னஞ்சல் எப்போதோ வேலையை விட்டுப் போன ஆய்வு உதவியாளருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இன்றே கேளுங்கள், பழைய காப்பு இருக்கலாம். இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் பக்கங்களைத் தேடுங்கள். அட்டவணைகள் யாருடைய பழைய மடிக்கணினியிலாவது கிடக்கும், அதுதான் படங்களைவிடவும் முக்கியம்.

புதிதாகத் தொடங்குபவர் செய்யவேண்டியது: தனி டொமைன் வாங்காமல், கல்வி நிறுவனங்களுக்கு இணைய முகவரி தரும் எர்நெட் அமைப்பு கல்லூரிக்கு வழங்கிய ஏ.சி.டாட் இன் முகவரியின் கீழேயே ஒரு துணை முகவரி கேளுங்கள். கல்லூரி உள்ளவரை அது இருக்கும். பதிவு மின்னஞ்சல் ஆளின் பெயரில் வேண்டாம், பதவியின் பெயரில் இருக்கட்டும். ஹோஸ்டிங்குக்குப் பல ஆண்டு முன்பணம் கட்டுவதாக இருந்தால் அதை முன்மொழிவிலேயே எழுதி, நிதி அலுவலரின் ஒப்புதலைக் கோப்பில் வாங்கி, திட்டக்காலத்துக்குள் தேதியிட்ட ரசீதோடு கட்டுங்கள். திட்டம் முடிந்த மறுநாள் தேதியிட்ட ரசீதைத் தணிக்கையில் ஏற்கமாட்டார்கள்.

தளம் போனாலும் தரவு போகக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு அட்டவணையையும் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேருங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோவில் ஒரு பதிவுக்கு 50 ஜி.பி. வரை இலவசம், தரவை எப்போதும் அடையாளம் காட்டும் டி.ஓ.ஐ. என்ற நிலையான எண்ணும் கிடைக்கும். சமூக அறிவியல் தரவுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தரவுச் சேவை இருக்கிறது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்பது பழைய விதி. பெரிய நிறுவனத்தில் ஒரு பிரதி இருந்தால் போதும் என்று எண்ணவேண்டாம். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் மின்சேவைகளே மாதக்கணக்கில் முடங்கின.

திறந்த உரிமம் வெறும் நல்லெண்ணம் அல்ல, காப்பீடு. விக்கிட்ராவல் என்ற பயணத் தகவல் தளம் 2006இல் தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனபோது, அதிருப்தியுற்ற ஜெர்மன் மொழிப் பங்களிப்பாளர்கள் உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டு விக்கிவாயேஜைத் தொடங்கினார்கள். பின்னர் ஆங்கிலம் உள்ளிட்ட பிற மொழியினரும் சேர, 2013 ஜனவரி 15இல் அது விக்கிமீடியா திட்டங்களில் ஒன்றாக அறிமுகமானது. அன்று எழுதியவை இன்றும் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், பகிரத் தடையில்லாத உரிமத்தில் அவை எழுதப்பட்டிருந்ததுதான். உங்கள் தளத்தின் அடியில் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று போட்டிருந்தால், அதைக் காப்பாற்ற முன்வருபவரின் கையையும் கட்டிவிடுகிறீர்கள்.

கேள்வி: பயன்பாட்டுச் சான்றிதழில் வங்கி வட்டியைக் காட்டவேண்டுமா?
– கல்லூரிக் கணக்காளர், வேலூர்

பதில்: கட்டாயம். 2017 பொது நிதி விதிகளின்படி மத்திய மானியத்தில் கிடைத்த வட்டி இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திரும்பவேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழுக்கான படிவம் 12-ஏயில் வட்டியைத் தனி வரியாகக் காட்டுங்கள். திட்டத்துக்குத் தனிக் கணக்கு இல்லாமல் கல்லூரியின் பொதுக் கணக்கில் பணத்தை வைத்தால் வட்டியைப் பிரிக்க முடியாமல் திணறுவீர்கள், அடுத்த தவணையும் நிற்கும். ஒரு செலவுத் தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்குச் செலவு செய்யவேண்டுமானால் முன்னதாக அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: நிதி எதுவும் இல்லை. முதுகலை மாணவன். தொடங்க வழி உண்டா?
– திருநெல்வேலி

பதில்: உண்டு. முன்னோட்டத் தரவு கையில் உள்ளவருக்குப் பின்னால் நிதி கேட்பதும் எளிது. உங்கள் ஊரில் ஒரே ஒரு பத்து நாள் திருவிழாவை எடுங்கள். ஓர் அட்டவணை திறந்து நாள், நிகழ்வு, வாகனம், மண்டகப்படிக்காரர், அறிவித்த நேரம், நடந்த நேரம், பாதை, கூட்ட எல்லை, குடிநீர் இருந்த இடம், கழிப்பறை, கடைசிப் பேருந்து, தகவல் சொன்னவர் யார் என்று தலைப்பு போடுங்கள். தினம் இரண்டு வேளை போய் நிரப்புங்கள். அழைப்பிதழையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சப்பரம் புறப்பாடு அழைப்பிதழில் இரவு 7 மணி, கிளம்பியது 9.20 என்றால் இரண்டையும் எழுதுங்கள். கடைசிப் பேருந்து 9.30க்கு என்றால் அதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.